தேராது தெளிதல்: பெண்ணைக் கரையில் ஐயமும் அறிவும்

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போர்க்களத்தில் வெல்ல முடியாமல் பலமுறை தோற்ற முத்தநாதன், உடல் முழுவதும் திருநீறு பூசி, சடைமுடி தரித்து, சுவடிப் பொதிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். அடியார் வேடத்தைக் கண்ட காவலர்கள் வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும் நேரம் பார்த்துப் போகச் சொன்னான். வேறெங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றை அரசருக்கு உரைக்க வந்திருப்பதாகச் சொல்லி முத்தநாதன் உள்ளே போனான். அரசர் அவனை இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்தார். பொதியை அவிழ்ப்பவன்போல் கத்தியை உருவி, அவன் தான் நினைத்ததை முடித்தான்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடிய இந்த வரலாறு அடியார் பக்தியின் எல்லையைக் காட்டுவது. குத்துண்ட நிலையிலும் அரசர் அந்த வேடத்துக்குத் தீங்கு நேரக் கூடாது என்று தத்தனையே துணைக்கு அனுப்புகிறார். ஆனால் அறிவு எப்படி உண்டாகிறது என்று ஆராய்பவருக்கு இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது நீறும் சடையும், அது காட்சி. நீறணிந்தவர் அடியார் என்று கொண்டது கருதல், அதாவது அனுமானம். ஆகமம் கேட்கலாம் என்று நம்பியது உரை. இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் அறிவின் வாயில்களாக ஏற்றுக்கொண்ட இந்த மூன்றும் ஒரே வேளையில் ஏமாற்றிவிட்டன. இவை இப்படிக் கைவிடக்கூடியவை என்றால், ஐயத்துக்கு இடமில்லாத அறிவு மனிதருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

உலகெங்கும் தத்துவத்தை உலுக்கிய கேள்வி இது. அலெக்சாண்டரின் படையோடு இந்தியா வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் கிரேக்கர் பிர்ரோ, எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே மன அமைதிக்கு வழி என்றார். 1641இல் வெளிவந்த தம் ‘தியானங்கள்’ நூலில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், இப்போது காண்பதெல்லாம் கனவாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டு, ஐயப்பட முடிந்த அனைத்தையும் தள்ளிவிட்டு, அசையாத ஒரே ஒரு புள்ளியைத் தேடினார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முற்றிப் பழுத்த நிலங்களில் ஒன்று தென்பெண்ணை ஆற்றின் கரை. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சியில் திருக்கோவலூரும் திருநறுங்கொண்டையும் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் திருவெண்ணெய்நல்லூர். சமணரும் சைவரும் வைணவரும் இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் ஐயத்துக்குத் தத்தம் விடையைக் கண்டார்கள். அந்த விடைகளைச் சேர்த்துப் படித்தால், தெக்கார்த் போன பாதையிலிருந்து வேறான ஒரு பாதை தெரிகிறது. உறுதியான ஒற்றைப் புள்ளியைத் தேடுவதைவிட, அறிவு எந்தெந்த வழிகளில் பிழைபடும் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் காவல் போடுவதில் இந்த மரபு அதிகம் உழைத்திருக்கிறது.

பிழையின் பட்டியல்

இந்த உழைப்பின் பழைய தமிழ்ச் சான்று மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் வடிவம் கொண்டு மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. வேதவியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று அளவைகள் எனப்படும் அறிவின் வாயில்களை எண்ணிய கணக்கைச் சொல்கிறான். பிறகு அறிவுபோலத் தோன்றி அறிவாகாமல் போகும் எட்டு நிலைகளை அடுக்குகிறான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பவை அவை.

இவற்றுக்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் அன்றாட வாழ்விலிருந்து வந்தவை. இப்பியை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது திரியக்கோடல். கொடிய புலி பக்கத்தில் இருப்பதைக் கண்டும் உணராமல் நிற்பது கண்டுணராமை. முயற்கொம்பு என்று பேசுவது இல்வழக்கு. இவற்றில் ஐயத்தையும் தேராது தெளிதலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வெளியில் ஒரு தறி நட்டிருக்கிறது. தறியா, மனிதனா என்று முடிவுசெய்ய முடியாமல் நிற்பது ஐயம். அதே தறியைப் பார்த்து, ஆராயாமல், மனிதன்தான் என்று முடிவுகட்டிவிடுவது தேராது தெளிதல். பொருள் ஒன்று, தூரம் ஒன்று, கண்ணுக்குக் கிடைத்த தகவலும் ஒன்று. பார்ப்பவரின் அவசரம் மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது.

இரண்டும் குறைகளே என்றாலும் அவற்றின் விளைவு வேறு. ஐயப்படுபவர் இன்னும் நாலடி நடந்துபோய்ப் பார்க்கக்கூடும். தெளிந்துவிட்டதாக நினைப்பவர் நடக்க மாட்டார். திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் இதற்கு இன்னொரு பக்கத்தையும் சேர்க்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவரிடம் ஐயம் கொள்வதும் நீங்காத துன்பம் தரும் என்பது அந்த அதிகாரத்தின் நிறைவுக் குறளின் கருத்து. ஐயத்துக்குத் தொடங்கும் இடம் இருப்பதுபோல நிற்கும் இடமும் உண்டு என்று வள்ளுவர் வரம்பு கட்டுகிறார்.

பட்டியலின் கடைசி இனமான நினைப்பு இன்னும் கூர்மையானது. காரணம் எதுவும் இல்லாமல், ‘இவர்கள்தான் உன் தாயும் தந்தையும்’ என்று பிறர் சொல்வதைக் கேட்டு அப்படியே கருதிக்கொள்வதை நூல் இதற்குச் சான்றாகக் காட்டுகிறது. பெற்றோர் யார் என்பதைவிட உறுதியானது எது என்று நாம் நினைப்போம். அதையே சான்று கேட்க வேண்டிய செய்தியாக எடுத்துவைக்கிறது இந்தப் பழைய நூல். அதே காதையின் இறுதியில் பூதவாதி வருகிறான். கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் நிற்காது என்பது அவன் வாதம். அவனுக்கு மணிமேகலை சொல்லும் மறுமொழியும் பெற்றோரைப் பற்றியதே. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். எதையும் ஐயப்படலாம் என்பதைக் காட்டப் பயன்பட்ட அதே எடுத்துக்காட்டு, அனுமானத்தைக் கைவிட்டால் வாழவே முடியாது என்பதைக் காட்டவும் பயன்படுகிறது. பிறர் சொல்லை வெறுமனே வாங்கிக்கொள்வது நினைப்பு. அதையே காரணங்களோடு பொருத்திப் பார்த்து ஏற்பது அறிவு.

அளவையை அளப்பது எது?

ஐயவாதி இத்தோடு விடமாட்டார். ஓர் அறிவு சரியா என்று அளவையைக் கொண்டு பார்க்கிறோம். அந்த அளவை சரியா என்பதை எதைக் கொண்டு பார்ப்பது? இன்னோர் அளவை வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று வேண்டும். இந்தக் கேள்வியைப் பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் எழுப்பினார். புலன்காட்சி உட்பட எந்த அளவையும் நிலைநிற்காது என்று செயராசி பட்டர் ‘தத்துவோபப்லவசிம்மம்’ நூலில் வாதிட்டார். நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்த அந்த நூலின் சுவடி குசராத்தின் பாட்டனில் கிடைத்து 1940இல் அச்சேறிய பிறகு, இந்தியாவில் ஐயவாதமே இல்லை என்ற பேச்சு அடங்கியது.

நியாய மரபினர் இதற்குத் தராசைக் காட்டி விடைசொன்னார்கள். பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை. அந்தத் தராசே சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்போது அது அளக்கப்படும் பொருள். எல்லாத் தராசுகளையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டியதில்லை. ஐயம் வந்த தராசை ஐயம் வந்தபோது சோதித்தால் போதும். துவைத மரபின் விடை வேறு. அறிவின் உறுதியை உணரும் சாட்சி அறிபவருக்குள்ளேயே இருக்கிறது, அது இன்னொரு சான்றை எதிர்பார்ப்பதில்லை என்பது மத்துவரின் வழிவந்தோர் கொள்கை. அந்த மரபின் நூல்களுக்கு ‘பாவபோதம்’ என்னும் உரைகள் எழுதிய இரகூத்தம தீர்த்தரின் பிருந்தாவனம் திருக்கோவலூருக்கு எதிர்க்கரையில் மணம்பூண்டியில் இருக்கிறது.

இன்னொரு விடை சமணருடையது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை மலையில் அப்பாண்டைநாதராகப் பார்சுவநாதர் வழிபடப்படுகிறார். இந்த வட்டாரத்தில் சமணம் இன்றும் உயிரோடிருக்கும் தலம் அது. சமணரின் அனேகாந்தம் ஐயவாதத்தை அதன் சொந்த நிலத்திலேயே சந்திக்கிறது. ஒரு பொருளைப் பற்றிய ஒவ்வொரு கூற்றும் ஏதோ ஒரு நோக்கில் நின்று சொல்லப்படுவது. நோக்கு மாறினால் ‘உண்டு’ என்பது ‘இல்லை’ ஆகலாம், இரண்டும் ஆகலாம், சொல்ல முடியாததும் ஆகலாம். இப்படி ஏழு வகையாகக் கூற்றுகளை விரிப்பது அவர்கள் முறை. எதுவும் தெரியாது என்று ஐயவாதி கைவிரிக்கும் இடத்தில், எந்த நோக்கில் தெரியும் என்று சேர்த்துச் சொல் என்பார் சமணர். தன் நோக்கின் எல்லையைச் சொல்லாமல் விட்ட கூற்றுத்தான் அவர்களுக்குப் பிழையானது.

இல்லை என்று சொல்பவர் யார்?

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு நூற்பாக்களில் அருளினார். அவருடைய தந்தையாரின் குலகுருவும் பெரும் பண்டிதருமான அருணந்தி சிவாசாரியார், சிறுவன் ஒருவன் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டு வந்து, ஆணவத்தின் வடிவம் என்ன என்று வினவியதாகவும், மெய்கண்டார் விடைசொல்லாமல் நிமிர்ந்து நின்ற அவரையே மேலும் கீழும் நோக்கியதாகவும் மரபு சொல்லும். அந்தப் பார்வையில் அருணந்தி மாணாக்கரானார். நிறையப் படித்தவருக்கு அறிவைத் தடுப்பது படிப்பின் குறையாக இருக்காது, தாம் அறிந்துவிட்டோம் என்ற நிமிர்வாக இருக்கும் என்பதைச் சைவ சித்தாந்தம் தன் குருமரபின் தொடக்கத்திலேயே பதித்துவைத்திருக்கிறது.

மெய்கண்டாரின் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதை நிறுவுகிறது. உடலும் அல்ல, புலனும் அல்ல என்று ஒவ்வொன்றாக ‘இல்லை’ சொல்லிக்கொண்டே போகும்போது, அப்படிச் சொல்கின்ற ஒன்று எஞ்சி நிற்கிறது. மறுப்பே மறுப்பவரைக் காட்டிக்கொடுக்கிறது. தெக்கார்த் நினைவுக்கு வருவார். ஆனால் யார் முந்தி என்ற போட்டி இங்கே பொருந்தாது. இதையொத்த வாதத்தைச் சங்கரரும், மேற்கத்திய மரபில் அகத்தீனும் அதற்கும் முன்பே சொல்லியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அடுத்து நடப்பது. தெக்கார்த் அந்த ஒரு புள்ளியின் மேல் மற்ற எல்லா அறிவையும் கட்டியெழுப்பப் பார்த்தார். மெய்கண்டார் அதே நூற்பாவிலேயே, இந்த உயிர் உணர்த்தினால்தான் உணரும் என்று அதன் எல்லையையும் வரைந்துவிட்டார். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் ஒளி வேண்டியிருப்பதுபோல, அறியும் ஆற்றலுள்ள உயிருக்கும் அறிவிப்பது ஒன்று வேண்டும். அது மட்டும் அன்று, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. எதனோடு சேர்கிறதோ அதன் நிறத்தையே தன் அறிவாகக் கொள்ளும்.

அருணந்தியின் சிவஞான சித்தியார் இந்தக் கருத்தை அளவையியலாக விரிக்கிறது. பத்து அளவைகளைச் சொல்லி, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறது. ஐயமும் திரிபும் நீங்கியதே மாசற்ற காட்சி. இந்த மூன்றும் கருவிகளே. உண்மையில் அளப்பது உயிரின் அறிவாற்றல் என்பது சித்தாந்தத்தின் முடிவு. நூலின் பரபக்கம் என்னும் முதற்பகுதி உலகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கைகளை, மறுப்பதற்கு முன் அவரவர் வாயாலேயே முறையாக எடுத்துரைக்கிறது. எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்லாமல் தன் முடிவைச் சொல்லக் கூடாது என்ற அந்த ஒழுங்கு, ஐயத்துக்கு இந்த மரபு கொடுத்த மரியாதை.

இதே ஆற்றங்கரையில் 1896 ஆகஸ்டு இறுதியில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் பசியோடு நடந்துவந்தான். மதுரையில் சில வாரங்களுக்கு முன் சாவைப் பற்றிய அச்சம் திடீரென்று தாக்க, சாகப்போவது எது என்று தனக்குள் ஆராய்ந்து பார்த்தவன். அரகண்டநல்லூர்க் கோயிலிலும் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலிலும் தங்கிவிட்டு, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகுவைத்து, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னாளில் இரமண மகரிசி என்று அறியப்பட்ட அவரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளே ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. ஐயத்தோடு வந்தவர்களை இரமணர், அந்த ஐயம் யாருக்கு வந்தது என்று பார்க்கச் சொன்னார். மூன்றாம் நூற்பாவின் வாதம் அவரிடம் அன்றாடப் பயிற்சியாகிவிட்டது.

மலையின் சொல்

மணிமேகலை சொல்லும் பத்து அளவைகளில் ஐதிகமும் ஒன்று. இந்த மரத்தில் ஒரு தெய்வம் உறைகிறது என்று ஊர் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது ஐதிகம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். எழுதிவைத்த சான்று இல்லாத செய்தி என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. அப்படியே வரலாறாக எழுதிவிடுவதும் எளிது. அவர்களுடைய தாய்மொழி தமிழ் என்பது சமவெளியோடு உள்ள உறவுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் காஞ்சியையோ காலத்தையோ அது நிறுவிவிடாது. எது எவ்வளவு தூரம் சான்றாகும் என்று பிரித்துச் சொல்வதுதான் இங்கே நேர்மையான அறிவு.

யாருடைய சொல் சான்றாகும் என்பதற்கும் மரபில் விடை உண்டு. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சியாயனர், ஒன்றை நேரில் அறிந்து அதை உள்ளபடி சொல்ல விரும்புபவரே நம்பத் தக்கவர் என்றார். இந்த இலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் அனைவருக்கும் பொது என்றும் சேர்த்தார். பதவியும் பிறப்பும் ஒருவர் சொல்லின் எடையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

2024 சூன்

ஏட்டில் இருக்கும் இந்த வகைப்பாடுகளின் விலை என்ன என்பதைக் கள்ளக்குறிச்சி நகரம் 2024 சூனில் கண்டது. கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள்.

மெத்தனாலும் குடிக்கும் எத்தனாலும் நிறமற்றவை. மணத்தாலும் சுவையாலும் குடிப்பவர் பிரித்தறிய முடியாது; ஆய்வகக் கருவிதான் பிரித்துச் சொல்லும். இதைவிடக் கொடியது மெத்தனாலின் தாமதம். அது உடலுக்குள் போனதும் போதை மட்டுமே தருகிறது. கல்லீரலின் நொதிகள் அதை முதலில் பார்மால்டிகைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. கண் நரம்பைத் தாக்குவதும் உயிரைப் பறிப்பதும் அந்த அமிலம். இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதனால் இரவு குடித்துவிட்டுக் காலையில் எழுந்து நடமாடுபவரே பக்கத்து வீட்டுக்காரருக்குச் ‘சரக்கு நல்லதுதான்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறார். காட்சி பொய்த்தது. நேற்றுக் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுமானம் பொய்த்தது. தெரிந்தவர் விற்கிறார் என்ற உரையும் பொய்த்தது. முதற்சாவுகள் விழுந்தபோது வேறு காரணங்கள் பேசப்பட்டன. அந்தச் சாவு வீடுகளுக்கு வந்தவர்களும் குடித்தார்கள் என்று அன்றைய நாளிதழ்கள் எழுதின. காரணம் என்னவென்று இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை யாரும் குடிக்காதீர்கள் என்ற ஒரு வரி உரிய நேரத்தில் தெருத்தெருவாக ஒலித்திருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும். ஐயத்தை ஐயமாகவே அறிவிப்பதும் ஓர் அறிவுச் செயல். அது உயிர் காக்கும்.

இறந்தவர்கள் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. கூலி வேலை முடிந்து வருபவர் கையில் ஆய்வகம் கிடையாது. சோதிக்கும் கருவியும் அறிவிக்கும் அதிகாரமும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் தேர்ந்து தெளியும் கடமை கூடுதல். இந்தச் சாவுகளை அடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நவம்பரில் சாராயச் சாவு வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றியது. இத்தனை இழப்புக்குப் பிறகுதான் அந்த மக்களின் சொல்லுக்குச் செவி கிடைத்தது.

ஐயவாதி கேட்பதுபோல எந்தக் காலத்திலும் எந்த நிலையிலும் அசைக்க முடியாத அறிவு, உலகப் பொருள்களைப் பொறுத்தவரை, நமக்குக் கிடைக்காது என்றே நான் கருதுகிறேன். பெண்ணைக் கரை மரபு தருவது அதைவிட எளிமையானது, பயன் மிகுந்தது. எந்த வாயிலால் அறிந்தோம், அந்த வாயில் எங்கே பிழைபடும், அந்தப் பிழைக்கு இடமில்லை என்று சோதித்தோமா என்ற மூன்று கேள்விகளே அது. இவற்றைத் தாண்டி நிற்பதை நம்பிச் செயல்படலாம். தாண்டாததைத் ‘தெரியாது’ என்று கூச்சமின்றிச் சொல்லலாம். மணிமேகலையின் 27ஆம் காதையும் சித்தியாரின் அளவையியலும் இன்று பெரும்பாலும் தேர்வுக்கான பாடமாகவும் சமயப் பாடமாகவும் மட்டுமே படிக்கப்படுகின்றன. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் அவற்றைச் சிந்தனைப் பயிற்சி நூல்களாகக் கையில் எடுக்க வேண்டும். கைப்பேசியில் வந்து விழும் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, இது காட்சியா, கருதலா, உரையா, வெறும் நினைப்பா என்று ஒரு மாணவி கேட்கக் கற்றுக்கொண்டால், அந்தப் பாடம் பயன்தரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.